கேரியர் மாப்பிள்ளை

கடலூர் ரோட்டு ரயில்வே கேட்டில் சக்கரபாணி கேட்காரராக இருந்த காலத்தில், முதலியார்பேட்டையில் ஓர் ஆளைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. அவரிடம் போனால் போதும். ஆனால் பேரைச் சொன்னால் அவருக்குத் தெரியாது. வண்டியைச் சொல்ல வேண்டும்.

"இன்னா வண்டி? கறுப்பா? செயின் கவர் முழுசா, அரையா? ஹேண்டில்ல குஞ்சலம் கட்டியிருக்கானா?" என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். "ஆங், அவனா! எறக்கத்துலகூட மிதிக்கிறவனாச்சே. வூட்ல நின்னு ரெண்டு வார்த்தை பேசமாட்டான், போ" என்பார். முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும். மீதிக் கால்வாசி என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எழுபத்தெட்டில் நான் செக்ரட்டேரியட்டில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. விருத்தாசலத்துப் பக்கத்து ஆள். சக்கரபாணி வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். காலையில் எழுந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய், அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு நீட்டு ரொட்டி இரண்டு வாங்கி வருவேன். இட்லியை விட்டு ரொட்டிக்கு மாறியதால் நானும் புதுச்சேரிக்காரன் ஆகிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. சக்கரபாணி அதையெல்லாம் ஒப்புக்கொள்ளவில்லை. "தம்பி, கோச்சிக்காத. நீ ஓட்டறது வண்டியில்ல, பைலு. பதனமா எடுக்கற, பதனமா வைக்கிற. ஒரு நாளாவது அழுத்தி மிதிச்சிருக்கியா?" என்றார் ஒருமுறை. அன்றைக்கெல்லாம் ஆபீசில் எனக்கு வேலையே ஓடவில்லை.

ஆறு நாற்பதுக்கு ஒரு ரயில். ஏழு மணிக்கு மில்லில் முதல் ஷிப்டு. ஆறரைக்குச் சங்கு ஊதி, நைனார்மண்டபத்திலிருந்தும் தேங்காய்த்திட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் கிளம்பி வரும் நேரமாகப் பார்த்து, சக்கரபாணி கைச்சக்கரத்தைச் சுற்றிக் கேட்டை இறக்குவார். பத்து நிமிஷம் எல்லாரும் அவர் முன்னால் நின்றே ஆக வேண்டும்.

"ஓடற வண்டியில எல்லாரும் ஒழுங்குதான் தம்பி. நிக்கச்சொல்லிப் பாக்கணும். அப்பதான் உள்ள இருக்கிற ஆளு வெளிய வருவான்."

அப்படி அவர் காட்டித்தான் நானும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மில்காரர்கள் கும்பலாக வருவார்கள். மேல் பொத்தான் போடாத சட்டை, ஹேண்டில்பாரில் ஆடும் டிபன் கேரியர், குனிந்த தலை. ஒரு காலை ஊன்றி, முன்னால் நிற்பவனின் மட்கார்டைத் தன் சக்கரத்தால் முட்டிக்கொண்டு நிற்பார்கள். இதே ஆட்கள் மூன்று மணிக்கு ஷிப்டு விட்டுத் திரும்பும்போது பார்க்க வேண்டும்! அதற்காகவே சக்கரபாணி தன் வேலை முடிந்தும் கேட்டடிக்குத் திரும்பி வருவார். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, மாமியார் வீட்டு விருந்துக்குப் போவது போல மிதிப்பார்கள். "காலைல இவனுவள மில்லு ஓட்டுது. சாயந்தரம்தான் இவனுவ வண்டி ஓட்டறானுவ" என்பார் சக்கரபாணி.

அரியாங்குப்பத்துப் பால்காரர் அரிகிருஷ்ணன் இரண்டு பக்கமும் கேன் தொங்க வருவார். தரையில் காலே வைக்கமாட்டார். கேட்டுத் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார், இறங்கினால் கேனோடு திரும்ப ஏறுவது பெரும்பாடு. முசே தேவதாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்; பிரெஞ்சு மரியாதைப்படி 'முசே' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அவருக்கு அது சைக்கிள் இல்லை, 'வெலோ'. கால்சட்டையில் கிளிப்பு, தலையில் தொப்பி. கேட்டுக்குப் பத்தடி முன்னாலேயே வலது காலைப் பின்பக்கமாக வீசி இறங்கி, வண்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்பார். யாராவது இடித்தாலும் அவர்தான் 'பர்தோன்' என்று மன்னிப்புக் கேட்பார். ஆசிரமத்துப் பெண்கள் வெள்ளை அரைக்கால்சட்டையில் முதுகு வளையாமல் வருவார்கள். "பாரு, ரோட்டைத் தவிர வேற எதையாவது பாக்குதுங்களா? ஓட்டறதுன்னா அது" என்று அவர்களுக்கு மட்டும் சக்கரபாணி எழுந்து நிற்பார்.

அவருக்கு ஆகவே ஆகாதவர்கள் இரண்டு வகை. இறக்கிய கேட்டுக்கு அடியில் வண்டியைச் சாய்த்து நுழைகிறவர்கள் ஒன்று. அவர்களைக்கூட ஏதோ அவசரம் என்று மன்னிப்பார். இன்னொருவன் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வருகிறவர்களை மன்னிக்கவே மாட்டார்.

"காலு இருக்குது, நடக்கலாம். காலு இருக்குது, மிதிக்கலாம். ரெண்டும் இல்லாம அடுத்தவன் முதுவப் பாத்துகிட்டே ஒருத்தன் தெனம் வேலைக்குப் போறான் பாரு, அவன் குடும்பத்தையும் அப்புடித்தான் ஓட்டுவான்."

இதெல்லாம் வெறும் பேச்சாக இருந்தவரை யாருக்கும் நஷ்டமில்லை. அவர் மகள் ஆதிலட்சுமிக்கு இருபத்துமூன்று முடிந்து வரன் பார்க்க ஆரம்பித்தபோதுதான் வீட்டில் புகைய ஆரம்பித்தது. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் சக்கரபாணி கேட்டடியிலேயே பார்த்துத் தள்ளிவிட்டார். ஒருவன் மூடின கேட்டைப் பார்த்து பெல் அடித்தானாம். "சோறு வேகறதுக்கு முன்னாடி தட்டைத் தட்டுவான்" என்று முடிந்தது அந்தச் சம்பந்தம். இன்னொருவன் ஹேண்டில்பார் கண்ணாடியில் தலை வாரினானாம். மூன்றாமவன் பாங்கில் வேலை, நல்ல இடம். ஆனால் ஸ்டாண்டு போடாமல் அடுத்தவன் வண்டிமேல் தன் வண்டியைச் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

"இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியல. எம்பொண்ணு கெழவியாவப் போறா" என்று அவர் மனைவி செல்வாம்பாள் என்னிடம் வந்து குமுறுவார். "நீயாவது சொல்லு தம்பி, ஒன்ன மதிக்கிறாரு." என்னை எவ்வளவு மதிக்கிறார் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஐப்பசி பிறந்த சமயம் தரகர் கோவிந்தசாமி ஒரு வரன் கொண்டுவந்தார். பேர் முருகையன், தேங்காய்த்திட்டு, மில்லில் தறியில் நிரந்தர வேலை, தாயார் மட்டும். போட்டோவை நீட்டினார். சக்கரபாணி கையில்கூட வாங்கவில்லை. அது செல்வாம்பாளிடம் போய், அங்கிருந்து அடுக்களைக்குள் ஆதிலட்சுமியிடம் போனது.

"போட்டோவுல இன்னாயா தெரியும்? வண்டி இன்னா வண்டி?"

"அது என்னமோ சீமை வண்டிங்க. பெஜோவாம். அவங்க அப்பாரு சைகோன்லேர்ந்து கப்பல்ல கொண்டாந்தது."

சக்கரபாணி எழுந்தே விட்டார். "நீல வண்டியா? ஒயர் பிரேக்கா? யோவ், அந்தப் பையனா!"

அந்தக் கேட்டைத் தாண்டுகிற பெஜோ ஒன்றே ஒன்றுதான். அதை ஓட்டி வருகிறவனை அவர் ஐந்து வருஷமாகப் பார்த்து மெச்சிக்கொண்டிருக்கிறார். செருப்பைத் தரையில் தேய்க்காமல் பிரேக்கில் நிறுத்துவான். பெல் அடிக்கமாட்டான். முண்டமாட்டான். "அதெல்லாம் கூட வுடு. தெனம் ஒரு சோம்பேறிய கேரியர்ல ஏத்திகிட்டு வரான்யா. மழையாவட்டும் எதிர்க்காத்தாவட்டும், ஒரு நாளு மூஞ்சி சுளிச்சதில்ல. என்னா மனசு வேணும் அதுக்கு!" என்றார் தரகரிடம். அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்தே நாளில் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் வழக்கத்தில் தாம்பூலத்துக்கு மாப்பிள்ளை வரமாட்டான்; அதற்கு முன் மாமனார் அவனிடம் பேசவும் மாட்டார். தாயார் ஆயம்மாவும் பங்காளிகள் ஐந்தாறு பேரும் தட்டு வரிசையோடு வந்து, கேசரி வடை சாப்பிட்டு, தை மாதம் கல்யாணம் என்று பேசிவிட்டுப் போனார்கள். ஆதிலட்சுமி கத்தரிப்பூ நிறப் புடவையில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். அப்படி அவள் முகம் விரிந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை தூறல். ரொட்டிக்குப் போன நான் கேட்டில் மாட்டிக்கொண்டேன். சக்கரபாணி சலவை யூனிபாரத்தில், வெற்றிலை போட்ட வாயோடு கேட்டை இறக்கிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்துவந்தார். பெஜோ வந்து நின்றது. ஓட்டி வந்தவனின் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வாங்க மாப்ளே!" என்றார் வாய் நிறைய.

ஓட்டி வந்தவன் திருதிருவென்று விழித்தான். "யாரு மாப்ளே? பெரியவரே, நான் நாலு புள்ள பெத்தவன். சுப்பிரமணியன். மாப்ள பின்னாடி இருக்காரு."

கேரியரிலிருந்து இறங்கி நின்றவன் இரண்டு கையிலும் டிபன் கேரியர் வைத்திருந்தான். கும்பிடக் கை இல்லாமல் தலையை மட்டும் குனிந்தான். "வணக்கங்க. நான்தான் முருகையன்."

"வண்டி?" என்றார் சக்கரபாணி.

"வண்டி அவருதுதான். மிதிக்கிறது நானு. அவருக்கு ஓட்டத் தெரியாது" என்றான் சுப்பிரமணியன் வெள்ளந்தியாக.

எங்கிருந்தோ ஒரு பெல் அடித்தது. அடுத்து இரண்டு. பிறகு கேட்டடியில் நின்ற அத்தனை சைக்கிளும் சேர்ந்து அடித்தன. ரயில் வந்ததுகூடக் காதில் விழவில்லை. பால்கேனைப் பிடித்துக்கொண்டு அரிகிருஷ்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முசே தேவதாஸ் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், சாவு வீட்டில் நிற்பதுபோல. நானும் சிரித்தேன். முருகையனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்த சக்கரபாணி சாப்பிட உட்காரவில்லை. சங்கரா மீன் குழம்பு வாசனை முன்னறை வரைக்கும் அடித்தது. செல்வாம்பாள் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னையும் உள்ளே இழுத்தார். அன்று சனிக்கிழமை, எனக்கு அரைநாள்.

"கோவிந்தசாமிய வரச்சொல்லு. தட்டைத் திருப்பி அனுப்பிடறேன்" என்றார் சக்கரபாணி.

"இன்னா வார்த்தை பேசறீங்க! ஊரைக் கூட்டித் தாம்பூலம் மாத்திட்டு? அந்தப் புள்ள குடிக்குதா, சீட்டாடுதா? சைக்கிள் ஓட்டத் தெரியலன்னா ஒரு கொறையா?"

"கொறையா? முப்பது வயசு ஆம்பள ஒருத்தன், சொந்தமா சீமை வண்டி வச்சிகிட்டு, அத்த அடுத்தவன்கிட்ட குடுத்துட்டு பின்னாடி குந்திகினு வரான்! நான் அஞ்சு வருசமா சோம்பேறி சோம்பேறின்னு திட்டினவன் எனக்கு மருமவனா? கேட்டுல நாளைக்கு நான் எப்புடி நிப்பேன்?"

"அப்போ ஒங்க கேட்டுக்குத்தான் மாப்ள பாத்தீங்களா? பொண்ணுக்கு இல்லியா?"

ஆதிலட்சுமி கதவோரம் வந்து நின்றாள். தினமும் காலை ஆறரைக்கு அவள்தான் அப்பாவுக்குப் பலகாரமும் காப்பியும் கேட்டுக்குக் கொண்டுபோவாள்.

"அப்பா, போட்டோவப் பாத்ததுமே எனக்குத் தெரியும். பின்னாடி குந்தி வர்றவருன்னு."

"தெரியுமா? தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீ ஓட்டறவரப் பத்தியில்ல அம்மாம் பேசினே. சொன்னா வேணாம்னுடுவே. அதான் சொல்லல." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "போன வருசம் கார்த்திகை மழை. கேரியர்ல குந்திகினு கொடைய முன்னாடி நீட்டிப் புடிச்சிகினு வந்தாரு. ஓட்டறவர் மேல ஒரு சொட்டு படல. இவரு முதுவு பூரா நனைஞ்சி சட்டை ஒட்டிகிச்சி. கேட்டுல எறங்கி நின்னப்பகூட கொடை அவரு தலைக்கு மேலதான் இருந்திச்சி. நீ பிரேக்கப் பாத்துகினு இருந்தே. நான் அந்தக் கையப் பாத்தேன். எனக்கு அவருதான் வேணும்."

சக்கரபாணி தன் மகளை முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். மனசு இளகிவிட்டது என்று நான் நினைத்தேன். ஆனால் கேட்டில் அடித்த பெல் சத்தம் அவர் காதைவிட்டு இன்னும் போகவில்லை.

"சரி. கார்த்திகை முடியறதுக்குள்ள அவன் ஓட்டக் கத்துக்கட்டும். ஏறின எடத்துலேர்ந்து மில்லு வாசல் வரைக்கும், ஒத்தையா, காலு தரையில படாம, ஷிப்டு நேரத்துல எல்லார் கண்ணு முன்னாடியும் கேட்டைத் தாண்டட்டும். மறுநாள் பத்திரிகை அடிக்கக் குடுக்கறேன். தாண்டலன்னா கல்யாணம் இல்ல. அதுக்கு மேல என்ன கேக்காதீங்க."

ஐப்பசியில் பதினைந்து நாளும் கார்த்திகை முழுதும்தான் மிச்சம். செய்தியைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. தேங்காய்த்திட்டுக்குப் போனேன். முருகையன் வாசலில் சாக்கு விரித்து பெஜோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கம்பியாகத் துணியால் உருவி எண்ணெய் போட்டிருந்தான். அப்படி ஒரு வண்டியை நான் கண்காட்சியில்கூடப் பார்த்ததில்லை.

"ஏன் கத்துக்கல?" என்று கேட்டேவிட்டேன்.

"அப்பா இத்த யாரையும் தொடவுடமாட்டாரு சார். சின்னதுல ஒரு தடவ குரங்குப் பெடல் போட்டுப் பாத்தேன். பெல்ட்டால வாங்கினேன். அவரு போனப்ப எனக்கு இருபத்திரெண்டு. வண்டி என் கைக்கு வந்திச்சி. அந்த வயசுல யாருகிட்ட போயி கத்துக்குடுன்னு கேக்கறது? கீழ வுழுந்தா பசங்கல்லாம் சிரிக்கும். இன்னிக்கு நாளைக்குன்னு எட்டு வருசம் ஓடிப்போச்சி." துணியை மடித்தான். "சுப்பிரமணியன் அண்ணன் ஒருத்தருதான் ஏன்னு கேக்காம ஏத்திகினு போனாரு. அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சி சார்?"

குடை விஷயத்தைச் சொன்னேன். அவன் திரும்பிக்கொண்டு மட்கார்டை மறுபடியும் துடைத்தான்.

உப்பளம் மைதானத்தில் தினமும் ஷிப்டு விட்டதும் பாடம் நடந்தது. சுப்பிரமணியன் தொடங்கினான். இரண்டாம் நாள் அரிகிருஷ்ணன் கேனை இறக்கிவிட்டு வந்து சேர்ந்தார், மூன்றாம் நாள் முசே தேவதாஸ். அன்றைக்குக் கேட்டில் சிரித்தவர்களில் பாதிப்பேர் அங்கே வந்து நின்றார்கள். சிரித்ததற்குப் பிராயச்சித்தம் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆபீஸ் விட்டதும் நானும் அதற்குத்தான் போனேன்.

வாத்தியார் கூடிப்போனதுதான் சங்கடம். மில்காரன் "குனிஞ்சி அழுத்து" என்பான். முசே தேவதாஸ் "நிமிரு, நிமிரு! தூஸ்மா! மெதுவா!" என்பார். "இடுப்ப ஆட்டாத, கேன் இருக்கறதா நெனச்சிக்கோ" என்பார் அரிகிருஷ்ணன். நான் என் பங்குக்கு ஓரமாகப் போகச் சொன்னேன். முருகையன் எல்லார் பேச்சையும் கேட்டான், எல்லார் பக்கமும் விழுந்தான். முழங்கால் இரண்டிலும் தோல் இல்லை. ஒருநாள் மைதானத்தைச் சுற்றிவந்த ஆடு ஒன்றுக்கு வழிவிட்டுக் கருவேல முள்ளுக்குள் போய்விட்டான். மறுநாள் ஆயம்மா வந்து, "எம்புள்ளைக்குப் பொண்ணே வேணாம், வுட்டுடுங்கயா" என்று அழுதார். அவன்தான் "எனக்கு வேணும்மா" என்று சொல்லி வண்டியை நிமிர்த்தினான்.

ஐந்தாவது வாரம் முடிவில் ஓட்டம் பிடிபட்டுவிட்டது. ஏற்றிவிட்டால் போதும், மைதானத்தை எத்தனை சுற்று வேண்டுமானாலும் வருவான். இறங்குவதில்தான் வாத்தியார்களுக்குள் சண்டை வந்தது. காலைப் பின்பக்கம் வீசித்தான் இறங்க வேண்டும் என்றார் முசே தேவதாஸ். முன்பக்கம் பாரைத் தாண்டி எடுப்பதுதான் சுளுவு என்றான் சுப்பிரமணியன். எதுக்கு இறங்கணும், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கலாமே என்றார் அரிகிருஷ்ணன். மூன்று நாள் வாக்குவாதத்தில் போயிற்று. அதுவரை எங்களில் யாராவது ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வோம். அப்புறம் பிடித்தது மழை. கார்த்திகைக் கடைசி நாலு நாளும் மைதானம் ஏரியாகக் கிடந்தது. இறங்கும் பாடம் நடக்கவே இல்லை. மில் வாசலில் சுப்பிரமணியன் நின்று பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்தோம். ரயில் போய்க் கேட் திறந்தபிறகு, ஆறே முக்காலுக்கு ஏற்றிவிட்டால் நிற்காமலே போய்விடலாம்.

கார்த்திகைக் கடைசி நாள் மழை விட்டிருந்தது. ரோடெல்லாம் பள்ளத்துக்குப் பள்ளம் தண்ணீர். சீக்கிரமே கேட்டுக்குப் போய்விட்டேன். ஆதிலட்சுமி பலகாரத் தூக்கோடு அப்பாவின் கேட்டறைக்குப் பக்கத்தில் நின்றாள். சக்கரபாணி கேட்டை இறக்கிவிட்டுத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு நாற்பது ஆயிற்று, ரயில் வரவில்லை. ஆறே முக்கால் ஆயிற்று, ரயில் வரவில்லை. எங்கோ மழைத் தண்ணீருக்காக நிறுத்திவிட்டார்களாம். அந்தப் பக்கம் தேங்காய்த்திட்டில் இது யாருக்கும் தெரியாது. சொன்ன நேரத்துக்கு ஏற்றிவிட்டிருப்பார்கள்.

"மாமா, கேட்டு மூடியிருக்குதுன்னு யாராவது போயி சொல்லணும்" என்றேன். வாடகைக்காரனான நான் எப்போது அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்தின் பின்பக்கத்தில் கூச்சல் கிளம்பியது.

"வழி உடு! வழி உடு! பெஜோ வருது!"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. முருகையன் வந்துகொண்டிருந்தான். நிமிர்ந்த முதுகு, அசையாத இடுப்பு, அழுத்தமான மிதி. எல்லார் பாடமும் கலந்து அவனுடையதாகவே ஒன்று வந்திருந்தது. அழகாகத்தான் இருந்தது. எதிரே கேட் மூடியிருக்க, அதே நேரம் ரயிலும் கூவிக்கொண்டு வந்தது.

"பிரேக்கு! பிரேக்கு!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

"எறங்கத் தெரியாது மாமா!" என்று முருகையன் அலறினான்.

சக்கரபாணி ஓடினார். ஐம்பத்தைந்து வயது மனிதர், கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் போய்க் காலை அகட்டி நின்று, முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வாங்கி, ஹேண்டில்பாரை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அவர் முதுகு கேட்டுக் கம்பியில் மோதி நின்றது. அவருக்குப் பின்னால் ரயில் தடதடவென்று போயிற்று.

பயந்துபோன முருகையன் காலைத் தரைக்கு நீட்டினான்.

"ஊணாத!" என்று ரயில் சத்தத்துக்கு மேல் கத்தினார் சக்கரபாணி. "காலை ஊணாதடா! ஊணினா போச்சி! பெடல்லியே வையி. நான் புடிச்சிகினு இருக்கேன். தை மாசம் கல்யாணம்டா ஒனக்கு, ஊணாத!"

முருகையனின் கால் தரைக்கு ஒரு சாண் மேலே நின்று, மெதுவாகப் பெடலுக்குத் திரும்பியது.

ரயில் போய்விட்டது. மில்லில் அடுத்த சங்கு ஊதியது. ஏழுக்குள் உள்ளே போகாதவர்களுக்கு அரைநாள் சம்பளம் போகும். ஆனால் கேட்டைத் திறக்கவேண்டியவர் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். விட்டால் வண்டி சாயும். ஒருவரும் பெல் அடிக்கவில்லை. வேறு யாரையும் அவர் வண்டியைத் தொடவும் விடவில்லை.

கைச்சக்கரம் சுழலும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். பலகாரத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆதிலட்சுமி சுற்றிக்கொண்டிருந்தாள். கேட் மெல்ல மெல்ல எழும்பியது.

சக்கரபாணி விலகிப் பின்னால் போய்க் கேரியரைப் பிடித்துக்கொண்டு, "மிதி!" என்றார். முருகையன் மிதித்தான். தண்டவாளப் பலகைமேல் தடக் தடக்கென்று வண்டி ஏறி இறங்கியது. பள்ளத்துத் தண்ணீர் தெறித்து நீல யூனிபாரம் நனைந்து ஒட்ட, குனிந்து கேரியரைப் பிடித்தபடி சக்கரபாணி பின்னாலேயே ஓடினார். அவர்களுக்குப் பின்னால் முதல் ஷிப்டு முழுக்க, ஒருவரும் முந்தாமல், நடை வேகத்தில் மிதித்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ரொட்டி வாங்க மறந்துவிட்டேன்.

நான் ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். இரண்டு மணிக்குச் சக்கரபாணி வீட்டுக்கு வந்தார். செல்வாம்பாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஒத்தையா ஓட்டினாரா?"

"பின்ன? தண்டவாளத்துக்கு முன்னாடியே நான் கைய வுட்டுட்டேன். அவனாத்தான் போனான். தம்பியக் கேட்டுப் பாரு."

என்னைப் பார்த்தார். "ஆமாம்மா, அப்பவே விட்டுட்டார்" என்றேன். ஆதிலட்சுமி குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆமாம்மா" என்றாள்.

சக்கரபாணி சோற்றைப் பிசைந்தார். காரம் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மில் வாசல் வரைக்கும் கேரியர் கம்பி அழுத்திய இடத்தில் உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. செல்வாம்பாள் அந்தக் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு, தேங்காயெண்ணெய் தடவி, தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு வாயாக அவருக்கு ஊட்ட ஆரம்பித்தார்.